கால் படும் இடம்

ஜூன் 21, 2025 – சனி

மழை வரும் என்று இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை. நல்லதாகப் போயிற்று. எங்கள் பயிற்சிக்கூடம் திருநகரில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. மழை பெய்தால் இசைவாணி அக்கா சொல்லித் தருவது காதில் விழாது. இன்றைக்கு ஒரு சொல்லையும் விட எனக்கு மனமில்லை. ஜியு ஜிட்சு என்கிற இந்தத் தற்காப்புக் கலையில் சேர்ந்ததிலிருந்து நான் காத்திருந்த பாடம் இது.

இதுவரை படித்தது குளோஸ்டு கார்டு, மூடிய காவல். மல்லாந்து படுத்துக்கொண்டு, எதிராளியின் இடுப்பை இரண்டு கால்களாலும் சுற்றி, கணுக்கால்களைப் பின்னிக்கொள்வது. பயந்த குழந்தை அம்மாவைக் கவ்விக்கொள்கிற மாதிரி. இன்று முதல் ஓப்பன் கார்டு, திறந்த காவல். பின்னலை அவிழ்த்துவிட வேண்டும். பாதங்களை எதிராளியின் இடுப்பிலும் புஜத்திலும் வைத்து அவளைத் தள்ளியே நிறுத்த வேண்டும். கைகள் அவள் சட்டைக்கைகளை விடவே கூடாது.

எனக்கு ஜோடி ஸ்வப்னா. என் வயதுதான், வேறு பள்ளி. அவள் அப்பாவுக்குச் சேலைக் கடை. வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர மொழியில் பேசுவாள். ஒரு சொல்கூட எனக்குப் புரியாது. திட்டு வாங்குகிறாள் என்பது மட்டும் முகத்தில் தெரியும்.

என் பாதம் அவள் இடுப்பில் பட்டது. உடனே என் வலது கை அவள் சட்டைக்கையை விட்டுவிட்டு, அவளைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் செய்யவில்லை, கை செய்தது. அதற்குள் அவள் என் காலை ஒதுக்கித் தாண்டி வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி. மறுபடியும் அதே.

"நீ கும்புட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஒன் மேல ஏறி ஒரு தூக்கமே போட்ருவேன்டி" என்றாள்.

இசைவாணி அக்கா பக்கத்தில் வந்து குந்தினார். "இங்க காலும் கைதான் மீனா. கை பட்டா கும்புடுவியா?"

வரும் வழியெல்லாம் யோசித்தேன். யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிட யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள்? நினைவே இல்லை. நடக்கக் கற்றபோதே கற்றிருப்பேன் போல. புத்தகங்களுக்கு மட்டும் சொல்லித் தந்த ஆள் தெரியும். அப்பா. நான் தரை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு படிப்பவள். டூட்டி முடிந்து வந்து, வாசலில் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே தினமும் அவர் சொல்லும் முதல் வாக்கியம்: "புத்தகத்துல கால் படுது பாரு." எட்டாவதோடு படிப்பை விட்டவர். பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ் ஓட்டுகிறார். இந்தக் கூடத்தின் போர்டை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்துவிட்டு வந்து, 'படிச்சுப் படிச்சு பிள்ளைக்குக் கூனு விழுந்துரும்' என்று சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

ஜூன் 24 – செவ்வாய்

வேதியியல் வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் பை மேல் கால் பட்டது. கும்பிட்டேன். பையை.

ஜூன் 29 – ஞாயிறு

அப்பாவுக்கு இன்று ஓய்வு. நான் வீட்டுக் கூடத்தில் தலையணையோடு பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு, தலையணைக்கு எதுக்கு இந்தப் பாடு, நான் நிக்கிறேன் என்றார். டீப்பாயை ஓரம் தள்ளி, கோரைப்பாயை விரித்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

நான் படுத்தேன். காலைத் தூக்கினேன். அவர் இடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது.

"வையி பாப்பா. கைப்பிள்ளையா இருந்தப்ப நெஞ்சுல மிதிச்சவதான நீ?"

"அப்ப எனக்குத் தெரியாதுல்லப்பா."

அடுப்படியிலிருந்து அம்மா, அப்பனை மிதிக்கிற படிப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். அம்மா அங்கன்வாடியில் வேலை செய்கிறார். அவரிடம் வரும் பிள்ளைகளெல்லாம் சாப்பிடும் முன்னால் கை கூப்புவார்கள். நான் மட்டும் வீட்டில் இப்படி.

காலை வைக்க முடியவில்லை. அப்பா சிரித்துவிட்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தம். கால் வைக்கிற பாடமெல்லாம் ஸ்வப்னாவோடு. அப்பாவிடம் கையால் பிடிக்கிற பாடம் மட்டும். காலைப் பிடிக்கலாம், மிதிக்கக் கூடாது. அப்பாவின் காலைப் பிடிப்பதில் என்ன தப்பு?

ஜூலை 5 – சனி

இன்று நான் பேசியதற்கு வகுப்பே சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஸ்வீப் என்றால் கீழே கிடப்பவள் மேலே நிற்பவளைக் கவிழ்ப்பது. இன்று பார்த்தது ட்ரைபாட் ஸ்வீப். நிற்பவளின் ஒரு குதிகாலைக் கையால் பிடிக்க வேண்டும். ஒரு பாதத்தை அவள் இடுப்பில் வைத்துத் தள்ள வேண்டும். இன்னொரு காலை அவளுடைய மற்றக் காலுக்குப் பின்னால் கொக்கி மாதிரி மாட்டி இழுக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். ஆள் தானாக உட்கார்ந்துவிடுவாள். நாம் எழுந்துவிடலாம்.

குதிகாலைப் பிடிப்பதுதான் சூட்சுமம் என்றார் அக்கா. விரல்களால் அல்ல, உள்ளங்கை முழுதும் படியும்படி, கிண்ணத்தை ஏந்துகிற மாதிரி. எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று அந்தக் கைதான் நமக்குச் சொல்லும்.

ஸ்வப்னா தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, இதற்குத் தமிழில் என்ன பேர், நீதான் புத்தகப் புழுவாச்சே, சொல் என்றாள்.

"காலை வாருறது" என்றேன்.

அக்கா கைதட்டிவிட்டார். இனி வகுப்பில் அதுதான் பேராம். எத்தனை பேர் எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், 'கூட இருந்தே காலை வாரிட்டான்' என்று. இத்தனை நாள் கெட்ட வார்த்தையாக இருந்ததை நான் நல்ல இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

நாளை அப்பாவிடம் குதிகால் பிடியை மட்டும் செய்து பார்க்க வேண்டும்.

ஜூலை 6 – ஞாயிறு

எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் பாயில் படுத்து, அப்பாவின் வலது குதிகாலைக் கிண்ணம் மாதிரி பிடித்தேன். உள்ளங்கை நனைந்தது. கால் கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு வாடை வந்தது. கையை எடுத்துப் பார்த்தேன்.

குதிகாலை ஒட்டி, பாதத்துக்கு அடியில் ஒரு துளை. சுற்றிலும் வெளுத்துப்போன தோல். நடுவில் கறுப்பு.

அப்பா அசையாமல் நின்றார். நான் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. அழுத்தினேன். அப்போதும் தெரியவில்லை. "என்ன பாப்பா, பிடிச்சிட்டியா?" என்று மேலிருந்து கேட்டார். நான் பிடித்து எவ்வளவு நேரமாகியிருந்தது!

காட்டினேன். காலைத் திருப்பி மடியில் வைத்துப் பார்த்தார். அவருக்கு அது புதிதில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையாப்பா?"

"வலிச்சா நல்லாத்தான் இருக்கும்."

வலது கால். பிரேக் மிதிக்கிற கால். அதைத்தான் கேட்டேன். மிதித்தது எப்படித் தெரியும்?

"சத்தத்த வச்சுத் தெரியும். ஏர் பிரேக்கு புஸ்ஸுங்கும்ல."

அதைச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். இந்த மாதம் டிப்போவில் டிரைவர்களுக்கு மெடிக்கல் செக்கப் இருக்கிறது. அது முடிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அதுவரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினார். விரித்த கை. அதன் மேல் நான் கை வைக்க வேண்டும்.

அந்த நேரம் அம்மா கேட்டைத் திறக்கும் சத்தம். அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

நான் கை வைக்கவில்லை. ஆனால் நான் சத்தியம் பண்ணிவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஜூலை 7 – திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவின் பஸ்ஸில் நிற்கிற அத்தனை பேர் முகமும் வகுப்பு முழுக்கக் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. திருப்பரங்குன்றத்தில் ஏறும் பூக்காரம்மாகூட.

ஜூலை 8 – செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. நானும் கூடப் போனேன்.

டாக்டர் புண்ணைக் கழுவிக்கொண்டே, எந்தச் செருப்பு போடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஷூவை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் கையை உள்ளே விட்டுத் தடவிவிட்டு, சட்டென்று எடுத்தார். அடிப்பலகையிலிருந்து ஓர் ஆணி மேலே முளைத்திருந்தது. எத்தனை நாளாக அப்பா அதன் மேல் காலை வைத்து பிரேக் மிதித்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

அப்பாவுக்கு அந்த ஷூ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தாத்தா காலத்தில் அவர்கள் ஊரில், பேரையூர் பக்கம், ஒரு தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தாத்தா செருப்பைப் பிடித்த கையையும், அப்பாவைப் பிடித்த கையையும் பற்றி அப்பா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் ஷூ இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. பால் வாங்கப் போனாலும் ஷூ. காலையில் பாலிஷ் போடும்போது மட்டும் விசில் அடிப்பார்.

டாக்டர் இன்றே சேரச் சொன்னார். டிப்போவுக்குத் தகவல் போக வேண்டும் என்றும், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"சொந்தப் பிள்ளையே காலை வாரிட்டா, பாத்தியா."

ஜூலை 9 – புதன்

அந்தச் சொல்லை நான்தான் வகுப்புக்குக் கொடுத்தேன். அப்பாவுக்கு அது தெரியாது. நான் சொல்லவேயில்லை. எப்படி அதே சொல்?

ஜூலை 12 – சனி

வகுப்புக்குப் போகவில்லை. ஸ்வப்னா அனுப்பிய செய்திக்குப் பதில் போடவில்லை.

ஜூலை 17 – வியாழன்

இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். குதிகாலில் இருந்த புண்ணுக்கு விரல் எதற்குப் போக வேண்டும்? ரத்தம் போகவில்லையாம். உயிரியல் புத்தகத்தில் தேடினேன். நரம்பு எப்படிச் சேதி கொண்டுபோகிறது என்று அழகான படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். சேதி போகாவிட்டால் என்ன என்று பாடத்தில் இல்லை.

வார்டில் அப்பா பேசுகிறார். நர்ஸிடம், பக்கத்துக் கட்டில் தாத்தாவிடம், அம்மாவிடம். நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். "அந்தப் பிள்ளையச் சாப்புடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அம்மாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 26 – சனி

காய்ச்சல் குறையவில்லை. சிவப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. டாக்டர் அம்மாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

ஜூலை 29 – செவ்வாய்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 30 – புதன்

நான் முன்னாடியே சொல்லியிருந்தா? அதான் மறுநாளே சொன்னேனே. அதுக்கு முன்னாடி எப்படித் தெரியும். நான் அவர் காலைத் தொட்டு எத்தனை வருஷம். தீபாவளிக்கு எண்ணெய் வைச்சு முடிச்சதும் கால்ல விழுவேன், அப்பக்கூட ஒரு நிமிஷம்தான். கால் வைக்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணாம இருந்திருந்தா குதிகாலைப் பிடிச்சிருக்கவே மாட்டேன். பிடிச்சிருக்காட்டி யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அப்ப என்ன ஆகியிருக்கும். பஸ்ஸு. பூக்காரம்மா. ஐயோ.

சொன்னதால கால் போகல. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்தானே?

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேயாண்டி மாமா ஆட்டோ கொண்டுவந்தார். அவர் அப்பாவோடு வேலை பார்க்கும் டிரைவர். சொந்தமில்லை, ஆனாலும் மாமா. இரண்டு கைகளிலும் அப்பாவைத் தூக்கி வந்து, கூடத்தில் ஜன்னலோரம் போட்டிருந்த கட்டிலில் உட்காரவைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்துக்கும் ஒத்தக் கால்ல நிக்காத மாப்ள, நிக்காதன்னு எம்புட்டுச் சொல்லிருப்பேன்? கேட்டியா நீயி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா திரும்பிக்கொண்டார். அப்பா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போகும்போது கேட்டுக்குப் பக்கத்தில் மாமா நின்றார். டிப்போவில் மேஜை வேலை தருவார்கள், பேசியிருக்கிறோம் என்றார். பிறகு, "அந்தக் காலோடதான் ஓட்டிருக்கான். ஒரு நா ஏம் மகளும் அதுலதான் வந்தா, தாயி" என்றார்.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

இடது ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைத்தேன். அப்பா தூங்கி எழுந்து பார்த்துவிட்டு, எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். அம்மாவிடம்தான்.

ஆகஸ்ட் 23 – சனி

அம்மாதான் துரத்திவிட்டார். வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும், போய் உருண்டுவிட்டு வா என்றார்.

பயிற்சிக்கூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்வப்னா மட்டும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ இல்லாம எல்லாரும் என்னைய நல்லா மிதிக்கிறாங்கடி. ஒருத்திகூடக் கும்புடல." சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளுக்காக.

அக்கா இன்று பிடி நழுவினால் என்ன செய்வது என்று சொல்லித் தந்தார். இரண்டு கை, இரண்டு பாதம். எதிராளி ஒன்றை உதறிவிட்டால் கலங்காமல் மற்ற மூன்றால் பிடித்துக்கொண்டு, விட்டுப்போனதை மறுபடி வைக்க வேண்டும். இரண்டை உதறினால் இரண்டு. ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் அது கார்டுதான்.

"ஒண்ணுமே ஆள் மேல இல்லன்னா?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பேரு கார்டு இல்ல. சும்மா படுத்துக் கெடக்குறது."

எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்றரை மாதம் வராமல் இருந்தால் அப்படித்தான் என்றார்கள்.

ஆகஸ்ட் 26 – செவ்வாய்

இன்சுலின் ஊசி போட நான் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு ஊசி குத்த மனம் வரவில்லை. அப்பா சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். ஊசி போட்டு முடித்ததும் சட்டையை இறக்கிவிடுவார். காலையும் மாலையும், அவ்வளவு நேரம் மட்டும் என் விரல் அவர் மேல் இருக்கும். பேச்சு கிடையாது.

ஒன்று மிஞ்சினாலும் கார்டுதான்.

செப்டம்பர் 7 – ஞாயிறு

படித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. கதவுப் பக்கம் போய் நின்றேன். உள்ளே போகவில்லை.

பாதம் அரிக்கிறதாம். வலது பாதம்.

அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் போனார். போர்வை அங்கே தட்டையாகக் கிடந்தது. குனிந்து, அந்தத் தட்டைப் போர்வையைச் சொறிந்தார்.

"இங்கயா?"

"கொஞ்சம் கீழ."

"இங்க?"

"ம். அங்கதான்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகவே அரிப்பு அடங்கின முகம். அம்மாவின் நகம் துணியில் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கன்வாடியில் ஒரு பிள்ளை பொம்மைக்குக் காய்ச்சல் என்று அழுதால், அம்மா பொம்மையின் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பார். அதே முகம் இப்போதும்.

டாக்டர் முன்பே சொன்னாராம், கால் போனாலும் மூளைக்குள் இருக்கும் கால் போக நாளாகும் என்று. சில பேருக்குப் போவதே இல்லையாம். இருந்தபோது அந்தக் காலில் ஆணி குத்தினாலும் தெரியவில்லை. இல்லாதபோது அரிக்கிறது. இதை எந்தப் பாடத்தில் போய்ப் படிப்பது?

செப்டம்பர் 20 – சனி

காலாண்டுத் தேர்வு நடுவே வகுப்புக்குப் போனேன். ஸ்வப்னாவோடு உருளும்போது அவள் எழுந்து நின்றாள். என் கை தானாகப் போய் அவள் குதிகாலைக் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொண்டது. ஒரு பாதம் இடுப்பில், ஒரு கால் கொக்கியாக. தள்ளினேன். அவள் உட்காரவில்லை, கெட்டிக்காரி, முன்னால் சாய்ந்து ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டாள். அவளுடைய மற்றக் கையை இழுத்து, கழுத்தையும் சேர்த்து என் கால்களுக்கு நடுவில் முக்கோணமாகப் பூட்டினேன். என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டினால் தோற்றதாக ஒப்புக்கொண்ட மாதிரி, விட்டுவிட வேண்டும். விட்டேன்.

ஓப்பன் கார்டிலிருந்து நான் முதல் முதலாக ஒருத்தியைத் தட்டவைத்தது இன்றுதான்.

"ஏ, இந்தத் தடவ நீ கும்புடல" என்றாள் கழுத்தைத் தடவிக்கொண்டே.

அப்போதுதான் கவனித்தேன். இடுப்பில் வைத்தேன், தோளில் வைத்தேன், கழுத்திலேயே போட்டேன். கை கண்ணுக்குப் போகவே இல்லை. அக்கா தோளில் தட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி சட்டைக்கையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். முன்னெல்லாம் எது கற்றாலும் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவேன். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலைக் கடந்து போனேன்.

செப்டம்பர் 28 – ஞாயிறு

செயற்கைக் கால் வைக்க அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அதில் ஷூ போட முடியுமா என்று. முடியும் என்றார்களாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 1 – புதன்

ஆயுத பூஜை. போன வருஷம் இந்த நாளில் அப்பா விடியலிலேயே டிப்போவுக்குப் போய், பஸ்ஸைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்குக்கு மாலை போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சந்தனம் வைக்கும்போது 'இது பிரேக்கு, இது கிளட்சு' என்று பெடல்களை எனக்கு அறிமுகம் செய்தார்.

இந்த வருஷம் காலையிலிருந்தே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெயின் ரோட்டில் போகிற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. மத்தியானம் ஒரு பஸ் எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. பிறகு பிரேக் விடுகிற புஸ் சத்தம். அப்பா திரும்பாமலே, "பேயாண்டி வண்டி" என்றார் அம்மாவிடம்.

அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் என் புத்தகங்களை அடுக்கினார். என் வெள்ளை பெல்ட்டையும் மடித்து அதன் மேல் வைத்தார். நான் வைக்கச் சொல்லவில்லை. சந்தனம் வைக்கும்போது பெல்ட்டுக்கும் வைத்தார். இன்றைக்குப் படிக்கக் கூடாது. எதையும் பிரிக்கக் கூடாது. பொரியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 2 – வியாழன்

விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். உயிரியல் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் அம்மா காலையில் மறுபடி வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து, அப்பாவுக்குச் சுண்டலும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடு என்றார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் செம்பு. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் திட்டில் மாத்திரைகள். தட்டை வைக்க இடம் பண்ண வேண்டும். புத்தகம் நழுவியது. கட்டிலின் கால்மாட்டில், போர்வை தட்டையாகக் கிடந்த பக்கம் அதைப் போட்டேன்.

அப்பா யாரோ சுண்டிவிட்ட மாதிரி உடம்பை இழுத்துக்கொண்டார்.

"பாப்பா, புத்தகத்துல கால் படுது பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். புத்தகம். அதற்குக் கீழே போர்வை. அதற்குக் கீழே மெத்தை.

அப்பாவும் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "எடுத்துட்டேன்ப்பா" என்று எடுத்தேன். கையை நீட்டினார். விரித்த கை. புத்தகத்தை அதில் வைத்தேன். அதை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார், முதலில் இடது, பிறகு வலது. புருவத்தில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"வாசிக்கத்தான போற? இங்ஙனயே வாசி" என்றார். ஜன்னலைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "கால் இருக்கு. பாத்து உக்காரு."

கால் இருக்கிற இடத்தை விட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.